புரொப்பெல்லர் மேல் பழி போடும் முன்: பாஸ் படகில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

"படகு இழுக்கவே மாட்டேன் என்கிறது, எந்த புரொப்பெல்லர் வாங்கலாம்?" என்று பாஸ் படகு, அதாவது பாஸ் மீன் பிடிக்கப் போகும் வேகப் படகு, வைத்திருக்கும் யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். முழு திராட்டிலில், டிரிம் (மோட்டார் சாயும் கோணம்) சரியாக வைத்த பிறகு, ஆர்பிஎம் (மோட்டார் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) எவ்வளவு வருகிறது? பெரும்பாலும் பதில் வராது. கவனிக்கவில்லை என்பார்கள். கவனிக்காமலேயே இரண்டு மூன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புரொப்பெல்லர் வாங்கி ஷெட்டில் தொங்கவிட்டிருப்பார்கள். நானும் அப்படித் தொங்கவிட்டவன்தான். அதில் ஒன்றை மட்டும் இன்றுவரை ஒருமுறைக்கு மேல் தண்ணீரில் இறக்கவில்லை.

மோட்டார் கொடுக்கும் சக்தியைத் தண்ணீரிடம் சேர்ப்பதோடு புரொப்பெல்லரின் வேலை முடிந்தது. மோட்டார் உயரம், டிரிம், எடை, ஸ்பார்க் பிளக், ஹப் என்று இடையில் எங்கே கோளாறு வந்தாலும் அது வெளியே தெரிவது புரொப்பெல்லர் வழியாகத்தான். அதனால்தான் எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது. கீழே உங்கள் படகு காட்டும் அறிகுறியைத் தேடி அந்த இடத்திலிருந்தே படிக்கலாம். ஆனால் அடுத்த பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். அதைச் செய்யாமல் மீதியைப் படித்துப் பயனில்லை.

முதலில் ஒரு சோதனை ஓட்டம்

புரொப்பெல்லரில் 14.5 × 25 என்பதுபோல எண் பொறித்திருக்கும். முதலாவது விட்டம், அடுத்தது பிட்ச். இரண்டும் அங்குலக் கணக்கு. மரத்தில் இறங்கும் திருகாணியைப் போல, ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பதுதான் பிட்ச். தண்ணீர் மரமல்ல, கொஞ்சம் வழுக்கிவிடும். அந்த வழுக்கலுக்கு ஸ்லிப் என்று பெயர்.

மோட்டாரின் கையேட்டைத் திறந்து இரண்டு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். முழு திராட்டிலில் ஓட வேண்டிய ஆர்பிஎம் வரம்பு ஒன்று, கியர் விகிதம் இன்னொன்று. வரம்பு மோட்டாருக்கு மோட்டார் மாறும். பக்கத்துப் படகுக்காரர் சொன்னதை எழுதிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் வழக்கமாகப் போகும் எடையோடு தண்ணீரில் இறங்குங்கள். பாதி டேங்க் எரிபொருள், தூண்டில் சாமான்கள், கூட வருபவர் எல்லாம் சேர்த்துத்தான். தனியாக, காலி டேங்கோடு ஓட்டிப் பார்த்துப் புரொப்பெல்லர் தேர்வு செய்தால், சாமான் ஏற்றிய அன்று மூச்சுத் திணறும். நேர் ஓட்டத்தில் முழு திராட்டில் கொடுத்து, டிரிமைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே, அதாவது மோட்டாரின் அடிப்பகுதி படகைவிட்டு விலகும்படி, தள்ளுங்கள். வேகம் ஏறுவது நின்று ஆர்பிஎம் மட்டும் ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் நிறுத்தி, ஆர்பிஎம், ஜிபிஎஸ் வேகம், ஜாக் பிளேட் (மோட்டாரை மேலும் கீழும் நகர்த்தும் தாங்கி) உயரம், மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீரின் அழுத்தம் நான்கையும் குறியுங்கள். அதே வழியில் எதிர்த்திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். காற்றும் நீரோட்டமும் ஒரு பக்கம் கொடுத்ததை மறுபக்கம் பிடுங்கிவிடும்.

ஆர்பிஎம் காட்டும் கருவி பழைய முள் வகை டேக்கோமீட்டராக இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். பின்னால் மோட்டாருக்கேற்பத் திருப்பி வைக்கும் ஒரு சின்னத் தேர்வுக் குமிழ் இருக்கும். அது தவறான இடத்தில் இருந்தால் முள் காட்டுவது அத்தனையும் கற்பனை. எஞ்சின் கணினியிலிருந்து நேரடியாக வரும் டிஜிட்டல் எண்ணை நம்பலாம்.

முழு திராட்டில் கொடுத்தும் ஆர்பிஎம் ஏறவில்லை

கையேட்டில் 5000 முதல் 6000 வரை என்று இருக்கிறது, உங்களுக்கு 5400-க்கு மேல் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். வரம்புக்குள்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் பாஸ் படகுக்கு வரம்பின் மேல் பகுதியில், 5800 வாக்கில் ஓடுவதுதான் நல்லது. வெயில் ஏறும், எடை கூடும், படகின் அடியில் பாசி பிடிக்கும். அப்போதெல்லாம் கீழே இறங்க இடம் வேண்டும்.

பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் ஆர்பிஎம் சுமார் 150 முதல் 200 வரை ஏறும். இங்கே குறைவது 400. அப்படியானால் 25-லிருந்து 23-க்கு இறங்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் கடைக்குப் போகும் முன் ஒரு கேள்வி: போன வருஷம் இதே புரொப்பெல்லரில் எவ்வளவு வந்தது? அப்போது 5800 வந்து இப்போது 5400 என்றால் புரொப்பெல்லர் மாறவில்லை, வேறு ஏதோ மாறியிருக்கிறது. ஸ்பார்க் பிளக், எரிபொருள் ஃபில்டர், முழுதாகத் திறக்காத திராட்டில் கேபிள், ஊர்ப்பட்ட சாமான் சேர்ந்துவிட்ட பெட்டிகள், இவற்றை வரிசையாகப் பாருங்கள். ஒரு சிலிண்டர் வேலை செய்யாத மோட்டாருக்கு பிட்ச் குறைத்துக் கொடுப்பது, கால் சுளுக்கியவருக்குச் சின்னச் செருப்பு வாங்கித் தருவது மாதிரி. 600, 800 என்று பெரிய அளவில் குறைந்தால் மெக்கானிக்கைப் பார்த்துவிட்டுத்தான் புரொப்பெல்லர் பக்கம் வர வேண்டும்.

எடையை லேசாக எண்ணாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மீனை உயிரோடு வைக்கும் லைவ்வெல் தொட்டிகள் இரண்டும் சேர்ந்து 120 லிட்டர் பிடிக்கும் என்றால், அவற்றை நிரப்பியதும் ஒன்றரை ஆள் கூடுதலாக ஏறி, அதுவும் அமரத்தில், அதாவது படகின் பின்முனைப் பக்கம் உட்கார்ந்த மாதிரி. காலையில் நன்றாக ஓடி மதியம் மந்தமாகும் படகுகளில் பாதி மர்மம் இந்தத் தொட்டிதான்.

மலைமேல் இருக்கும் ஏரிக்குப் போகிறீர்களா? கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 அடிக்கும் மோட்டார் ஏறக்குறைய 3 சதவீத சக்தியை இழக்கும். 5000 அடியில் 15 சதவீதம் போய்விடும். அங்கே பிட்ச் குறைந்த ஒரு புரொப்பெல்லரைத் தனியாக வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆர்பிஎம் குறைவாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? எரிபொருள் மிச்சமாகிறது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். மூன்றாவது கியரில் ஏற வேண்டிய மேட்டில் ஐந்தாவது கியரில் காரை இழுப்பதுதான் இது. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் கூடி, கார்பன் சேர்ந்து, கடைசியில் பிஸ்டன் பலியாகும்.

ஆர்பிஎம் எல்லை தாண்டி லிமிட்டர் வெட்டுகிறது

ஆர்பிஎம் எல்லையைத் தாண்டினால் மோட்டாரைக் காக்க அதன் சக்தியைத் தானே வெட்டுவதுதான் லிமிட்டர். அது வெட்டியதும் உடனே "பிட்ச் ஏற்று" என்பார்கள். பொறுங்கள். ஆர்பிஎம் அதிகமாவதற்கு இரண்டு காரணங்கள். பிட்ச் போதாமல் இருக்கலாம், அல்லது புரொப்பெல்லர் தண்ணீரைச் சரியாகப் பிடிக்காமல் வழுக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஸ்லிப் கணக்கு. காகிதத்தில் இரண்டு நிமிஷ வேலை.

ஆர்பிஎம்மை பிட்ச்சால் பெருக்குங்கள். கியர் விகிதத்தை 1056 ஆல் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால், வழுக்கலே இல்லாதபோது வர வேண்டிய வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். (ஒரு மைலில் 63,360 அங்குலம், அதை 60 நிமிடத்தால் வகுத்தது 1056. மந்திரம் ஒன்றுமில்லை.) 5800 ஆர்பிஎம், பிட்ச் 25, கியர் விகிதம் 1.75 என்றால் சுமார் 78.5 மைல். ஜிபிஎஸ் 69 காட்டினால் ஸ்லிப் 12 சதவீதம். ஒழுங்காக அமைத்த பாஸ் படகில் உச்ச வேகத்தில் 8 முதல் 15 சதவீதம் வரை இருப்பது இயல்பு.

இதே படகு, இதே ஆர்பிஎம், ஆனால் ஜிபிஎஸ் 62 தான் காட்டுகிறது என்றால்? ஸ்லிப் 21 சதவீதம். இங்கே பிட்ச் ஏற்றினால் நோய் அப்படியே இருக்கும், ஆர்பிஎம் மட்டும் இறங்கி எல்லாம் சரியானதுபோல நடிக்கும். மோட்டார் உயரமாக இருக்கிறதா, டிரிம் அளவுக்கு மீறி வெளியே போயிருக்கிறதா, இறக்கை நுனி தேய்ந்து மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மணலில் அடிக்கடி உரசிய புரொப்பெல்லரில் பின்விளிம்பில் இருக்கும் சிறு வளைவு, அதாவது கப், தேய்ந்து போயிருக்கும். விரல் நகத்தை அந்த விளிம்பில் வைத்து இழுத்தால் லேசாகக் கொக்கி போல மாட்ட வேண்டும். மூன்று இறக்கையில் இரண்டில் மாட்டி ஒன்றில் வழுக்கினால், வேலை புரொப்பெல்லர் பட்டறைக்குத்தான்.

ஸ்லிப் இயல்பாக இருந்தும் லிமிட்டர் வெட்டினால் மட்டும் தயங்காமல் பிட்ச் ஏற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கில் வரும் பிட்ச் தயாரிப்பாளர் பொறித்தது. ஒருவரின் 25 இன்னொருவரின் 24 போலவோ 26 போலவோ நடந்துகொள்ளும். அதனால் ஸ்லிப்பை ஒரே புரொப்பெல்லரின் நேற்றைய ஓட்டத்தோடும் இன்றைய ஓட்டத்தோடும் ஒப்பிடலாம். இரண்டு கம்பெனிப் புரொப்பெல்லர்களுக்கு இடையே போட்டி வைக்க அது உதவாது.

எஞ்சின் அலறுகிறது, படகு நகர மறுக்கிறது

மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. திராட்டிலை அழுத்தியதும் ஆர்பிஎம் விர்ரென்று ஏறும், படகு முன்னே போகாது. கையை எடுத்தால் மறுபடி பிடிக்கும். இது என்னை ஒரு பருவம் முழுக்க ஏமாற்றியது. காற்று இழுக்கிறது என்று நினைத்து ஜாக் பிளேட்டைக் கால் அங்குலம் கால் அங்குலமாக இறக்கிக்கொண்டே போனேன். கடைசியில் மோட்டார் இருக்க வேண்டிய இடத்துக்கு ஒன்றரை அங்குலம் கீழே நின்றது, அலறல் மட்டும் நிற்கவில்லை.

குற்றவாளி ஹப். புரொப்பெல்லரின் உலோக உடலுக்கும் மோட்டாரின் தண்டுக்கும் நடுவே ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒரு உறை இருக்கும். கல்லில் அடிபட்டால் கியர்கள் உடையாமல் அந்த உறை வழுக்கிக்கொடுப்பதற்காக வைத்தது. ஒருமுறை பிடி விட்ட உறை, அப்புறம் சுமை ஏறும்போதெல்லாம் வழுக்கும்.

சோதனை எளிது. சாவியைக் கழற்றிவிட்டு, புரொப்பெல்லர் நட்டைக் கழற்றி, பின்பக்கம் உள் உறையிலிருந்து வெளி உடல் வரை ஒரே நேர்கோடாக வெள்ளைப் பெயின்ட் இழுங்கள். காய விடுங்கள். மாட்டிவிட்டு முழு திராட்டிலில் ஒரு ஓட்டம். மறுபடி கழற்றிப் பாருங்கள். என் படகில் கோட்டின் வெளிப்பாதி பன்னிரண்டு மணி நிலையில் அசையாமல் நின்றது. உள்பாதி நான்கு மணிக்குப் போயிருந்தது. ஐந்து நிமிஷப் பெயின்ட், ஒரு பருவக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது.

பிளாஸ்டிக் உறை வகையென்றால் நீங்களே மாற்றிவிடலாம். அழுத்திப் பொருத்திய ரப்பர் வகைக்குப் பட்டறையில் பிரஸ் வேண்டும். நடு ஏரியில் இது நடந்தால் ஐடிலுக்குச் சற்று மேலே வைத்து மெதுவாகக் கரை சேருங்கள். அழுத்தினால் மிச்சமிருக்கும் பிடியும் போய்விடும்.

கிளம்பும்போது திணறல், பிளேனில் ஏற நேரமாகிறது

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகு எழும்பி அதன் மேல் சறுக்கத் தொடங்குவதைத்தான் பிளேனில் ஏறுவது என்கிறோம். அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்த்து நின்றுகொண்டே பத்து எண்ணும்வரை இறங்கவில்லை என்றால் ஏதோ சரியில்லை.

டிரிம் முழுக்க உள்ளே இருக்கிறதா? பாதிப் புகார் இதிலேயே தீரும். மீதிப் பாதிக்கு, கிளம்பும் கணத்தில் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். அது சோம்பலாக ஏறினால் மோட்டாருக்குச் சுமை அதிகம். பிட்ச் குறைக்கலாம், அல்லது வெண்ட் துளை உள்ள புரொப்பெல்லர் பார்க்கலாம். இந்தத் துளைகள் ஒவ்வொரு இறக்கையின் அடிவாரத்துக்கும் பின்னால், குழல் போன்ற உடலில் இருக்கும். கிளம்பும்போது உள்ளே ஓடும் எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சம் இவற்றின் வழியாகக் கசிந்து இறக்கைகள் சுற்றும் தண்ணீரை நுரையாக்கும். நுரையில் சுற்றுவது சுலபம் என்பதால் மோட்டார் சட்டென்று ஆர்பிஎம் பிடித்து, சக்தி வரும் இடத்துக்குப் போய்விடும். வேகம் எடுத்ததும் தண்ணீர் அந்தத் துளைகளைத் தாண்டி ஓடிவிடும், கசிவு நிற்கும். துளையில் மாட்ட வெவ்வேறு அளவுத் துவாரமுள்ள பிளக்குகளும் கிடைக்கின்றன. பெரிய துவாரம் என்றால் அதிக நுரை, அதிக ஆர்பிஎம்.

முள் பாய்ந்து ஏறியும் படகு எழும்பவில்லை என்றால் நிலைமை தலைகீழ். நுரை அதிகம், பிடி குறைவு. துளைக்குச் சின்னத் துவாரப் பிளக் போடுங்கள், இல்லையென்றால் முழுக்க அடையுங்கள். அதுவும் போதாவிட்டால் நான்கு இறக்கை. கனமான படகு, சின்ன மோட்டார், எப்போதும் இரண்டு பேர் என்று இருப்பவருக்கு நான் முதலிலேயே நான்கு இறக்கைதான் சொல்வேன். இறக்கைப் பரப்பு கூடுவதால் பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும், குறைந்த வேகத்திலேயே பிளேனில் நிற்கும், அலையில் பிடி விடாது. விலையாக உச்ச வேகத்தில் ஓரிரண்டு மைல் போகலாம். மூன்று இறக்கையிலிருந்து மாறும்போது வழக்கமாக ஒரு அங்குலம் பிட்ச் குறைத்து எடுப்பார்கள், கூடுதல் இறக்கையின் சுமையை ஈடுகட்ட.

திருப்பத்தில் பிடி விடுகிறது

வளைவில் திடீரென்று ஆர்பிஎம் எகிறி, படகு தளர்ந்து போவது பெரும்பாலும் வெண்டிலேஷன். மேற்பரப்புக் காற்றோ எக்ஸாஸ்ட் வாயுவோ இறக்கைக்குள் புகுந்துவிட்டது. இதைக் கேவிட்டேஷன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். மோட்டாரில் புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையே பலர் கேவிட்டேஷன் பிளேட் என்கிறார்கள், அது தடுப்பதென்னவோ காற்றைத்தான்.

கேவிட்டேஷன் வேறு. இறக்கையின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகவும் இறங்கி, தண்ணீர் சூடே இல்லாமல் கொதித்து நீராவிக் குமிழாகும். அந்தக் குமிழ்கள் அடுத்த கணம் நொறுங்கி விழும்போது உலோகத்தையே கொத்தி எடுக்கும். இதில் அடிபட்டவர்களில் பெரிய கைகளும் உண்டு. பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸ் 1894-ல் நீராவி டர்பைன் பொருத்திய டர்பினியா கப்பலை முதலில் ஓட்டியபோது, சக்தி இருந்தும் வேகம் வரவில்லை. புரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளாமல் நீராவிக் குமிழுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு தண்டை மூன்றாக்கி, ஒவ்வொன்றிலும் மூன்று என ஒன்பது புரொப்பெல்லர் மாட்டிய பிறகுதான் மணிக்கு 34 கடல் மைலுக்கு மேல் போனது. உங்கள் படகுக்கு அவ்வளவு வேண்டாம். இறக்கையில் பூச்சி அரித்த மாதிரிச் சின்னக் குழிகள் தெரிகின்றனவா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால், அதற்குச் சற்று முன்னால் இறக்கையின் முன்விளிம்பில் ஒரு வெட்டோ மடிப்போ இருக்கும். அதைச் சரிசெய்தால் போதும்.

சரி, காற்றுப் பிரச்சினைக்கு வருவோம். திருப்பத்துக்கு முன் டிரிமை உள்ளே இழுத்தீர்களா? இழுத்தும் நிற்கவில்லை என்றால் மோட்டாரைக் கால் அங்குலம் இறக்குங்கள். அப்புறம் படகின் அடியைக் குனிந்து பாருங்கள். மீன் தேடும் சோனாரின் டிரான்ஸ்டியூசர், அதாவது ஒலி அனுப்பி வாங்கும் உணரி, புரொப்பெல்லருக்கு நேர் முன்னால் மாட்டியிருந்தால் அது கிளப்பும் நுரை நேராக இறக்கைக்குள் போகும். புதுச் சோனார் மாட்டிய வாரத்தில் புரொப்பெல்லர் "கெட்டுப்போன" கதைகள் எத்தனையோ. புரொப்பெல்லர் உடலின் பின்விளிம்பில் வெளிப்பக்கம் விரிந்த ஒரு வளையம் இருக்கும். எக்ஸாஸ்ட் வாயு முன்னோக்கித் திரும்பாமல் தடுப்பது அதுதான். அதில் விரிசல் விட்டாலும் இதே அறிகுறி.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் பிடி விடுகிறது என்றால், கப் அதிகமுள்ள புரொப்பெல்லரோ நான்கு இறக்கையோ வாங்குவதில் தவறில்லை. பழையதிலேயே பட்டறையில் கப் ஏற்றச் சொல்லலாம். கப் ஏற்றினால் பிட்ச் ஒரு அங்குலம் கூடியதுபோல ஆர்பிஎம் இறங்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

அணியம் எழும்பவில்லை, அல்லது குதித்துக்கொண்டே இருக்கிறது

வேகத்தில் படகின் முன்பாதி தண்ணீரில் ஒட்டிக்கொண்டே வந்தால், ஈரப்பரப்பு அதிகம், உராய்வு அதிகம், வேகம் வராது. இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்துக்கு ரேக் என்று பெயர். அது கூடக்கூட அணியத்தைத் தூக்கும் திறனும் கூடும். பாஸ் படகுகளுக்கென்று வரும் மெர்குரியின் டெம்பெஸ்ட் பிளஸ், ஃப்யூரி போன்ற மூன்று இறக்கைப் புரொப்பெல்லர்களும், நான்கு இறக்கை பிராவோ ஒன் வரிசையும் இதற்காகவே ரேக் அதிகமாக வைத்து வார்த்தவை. அலுமினியத்திலிருந்து மாறுபவர் முதல் ஓட்டத்திலேயே வித்தியாசத்தைக் காண்பார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அலுமினியத்தைவிடப் பல மடங்கு உறுதி. அதனால் இறக்கையை மெல்லியதாக வார்க்கலாம், சுமையில் வளையாது. பெரிய மோட்டார் உள்ள பாஸ் படகில் அலுமினியம் அவசரத்துக்கான ஸ்பேர் மட்டுமே.

குதிப்பது இதன் மறுபக்கம். அணியம் எழும்புவதும் விழுவதுமாகத் தாளம் போட்டால் முதலில் டிரிமை உள்ளே கொண்டுவாருங்கள். உடனே நின்றால், தூக்காத புரொப்பெல்லரை வைத்துக்கொண்டு டிரிமால் தூக்கப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். ரேக் கூடியது உதவும். டிரிம் முழுக்க உள்ளே இருந்தும் குதித்தால் பின்பாரம் அதிகம். பேட்டரிகளையும் கனமான பெட்டிகளையும் முன்னே தள்ளிப் பாருங்கள். அது முடியாத படகுக்குப் பின்பக்கத்தைத் தூக்கும் நான்கு இறக்கை.

உச்ச வேகத்தில் இடமும் வலமும் ஆட்டம்

இதில் புரொப்பெல்லரைவிட உயிர் முக்கியம் என்பதால் முதலில் ஒன்று: ஆட்டம் தொடங்கியதும் திராட்டிலைப் படக்கென்று விடாதீர்கள், மெதுவாகக் குறையுங்கள். லைஃப் ஜாக்கெட்டும், எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் கயிறும் உடம்பில் இல்லாமல் இந்தச் சோதனைகள் எதையும் செய்யாதீர்கள்.

வேகம் ஏறியதும் படகு தன் அடியின் நடுவிலுள்ள பேட் என்ற குறுகிய தட்டைப் பட்டையின் மேல் மட்டும் நிற்கும். சைக்கிள் மாதிரி, அதைச் சமன் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஸ்டியரிங்கில் லேசான ஆட்டம் இருந்தாலும் திருத்தம் எல்லாம் ஒரு நொடி தாமதமாகப் போய்ச் சேர்ந்து ஆட்டத்தைப் பெருக்கும். மோட்டாரின் பின்னால் நின்று இரண்டு கையாலும் அதை இடவலமாக அசையுங்கள். ஸ்டியரிங் சக்கரம் அசையாமல் மோட்டார் மட்டும் அசைந்தால் ஹைட்ராலிக்கில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது எங்கோ போல்ட் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகும் ஆடினால் டிரிமைச் சற்றுக் குறையுங்கள். அணியத்தை மிகவும் தூக்கும் மூன்று இறக்கையோடு இந்த ஆட்டம் சீக்கிரம் வரும், நான்கு இறக்கை கொஞ்சம் கட்டிப்போடும்.

மோட்டார் உயரத்தையும் இந்த நேரத்தில் அளந்துவிடுங்கள். டிரெய்லரில் படகின் பேட் சமதளமாக நிற்கட்டும், மோட்டாரின் தட்டு அதற்கு இணையாக இருக்கட்டும். தரையிலிருந்து பேட் வரை ஓர் அளவு, தரையிலிருந்து புரொப்பெல்லர் தண்டின் நடுப்புள்ளி வரை இன்னோர் அளவு, கழித்தால் வருவது பேட்டுக்குக் கீழே தண்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது. 3 முதல் 3.5 அங்குலம் என்பது பலருக்கும் நல்ல தொடக்கம். அங்கிருந்து கால் அங்குலமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் தண்ணீர் அழுத்தத்தைப் பாருங்கள். வேகம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தாலும், அழுத்தம் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கீழே இறங்கினால் அதற்கு மேல் ஏற்றாதீர்கள்.

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது

தட்டுக்கு அடியில் இருக்கும் சின்னத் துடுப்பு, டிரிம் டேப். படகு வலப்பக்கம் இழுத்தால் அதன் பின்முனையையும் வலப்பக்கமே திருப்ப வேண்டும். மோட்டார் உயரமாக இருக்கும் படகில் வேகத்தில் இது தண்ணீருக்கு மேலே நிற்கும், அப்போது பலன் குறைவு. புரொப்பெல்லரை மாற்றிய பிறகு இழுப்பின் அளவும் மாறும் என்பதால் இதைக் கடைசியில் செய்யுங்கள்.

அதிர்வு

இறக்கையில் மடிப்பு, வெட்டு, ஒன்றுக்கொன்று வளைவு மாறுவது எல்லாம் கண்ணுக்கே தெரியும். தெரியாத காரணம் ஒன்று உண்டு. ஒருமுறை வேறு வேலைக்காகப் புரொப்பெல்லரைக் கழற்றினேன். அதன் முன்னால் இருக்கும் திரஸ்ட் வாஷருக்குப் பின்னே தண்டைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம். ரப்பர் பாகம் என்றே நினைத்தேன். கத்தி முனையால் சுரண்டியபோது இழை இழையாக வந்தது; பின்னல் தூண்டில் நூல், சூட்டில் உருகிக் கெட்டியாகி, தண்டின் ஆயில் சீலுக்குள் பாதி புகுந்திருந்தது. கீழே கியர் ஆயில் திருகைத் தளர்த்தியதும் வடிந்தது வெளுத்துப் பால் போல இருந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். சீல் மாற்றி, ஆயில் மாற்றி, தப்பித்தது.

அதிலிருந்து சில ஓட்டங்களுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கிறேன். புரொப்பெல்லர் இல்லாத வெறும் தண்டைக் கையால் சுற்றும்போது அதன் நுனி வட்டமிட்டு ஆடினால் தண்டே வளைந்திருக்கிறது. அதற்கு எந்த புரொப்பெல்லரும் மருந்தல்ல.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

முடிந்தால் இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள். சோதனைக்கு புரொப்பெல்லர் கொடுக்கும் கடைகளும் உண்டு. ஒரே நாளில், ஒரே எடையில், இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். ஒவ்வொரு புரொப்பெல்லருக்கும் உயரத்தை மறுபடி அமைக்க வேண்டும். மூன்று இறக்கைக்குப் பிடித்த உயரம் நான்கு இறக்கைக்குப் பிடிக்க வேண்டுமென்பதில்லை. நிறையப் பேர் நல்ல புரொப்பெல்லரைத் திருப்பிக் கொடுப்பது இந்த ஒரு சோம்பலால்தான்.

மாட்டும் முன் சாவியும் கில் சுவிட்ச் கயிறும் வெளியே, கியர் நியூட்ரலில். தண்டின் பல்வரிசையில் தண்ணீரில் கரையாத கிரீஸ் தடவுங்கள். திரஸ்ட் வாஷர் முதலில், அதன் சரிவான பக்கம் தண்டின் சரிவோடு ஒட்ட வேண்டும். அதை மறந்து மாட்டினால் புரொப்பெல்லர் கியர் பெட்டியிலேயே உரசும். இறக்கைக்கும் தட்டுக்கும் நடுவே மரத்துண்டு வைத்து, டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு நட்டை இறுக்குங்கள், பூட்டு வாஷரின் காதுகளை மடியுங்கள். முதல் ஓட்டம் முடிந்து கரைக்கு வந்ததும் நட்டை இன்னொருமுறை சரிபாருங்கள், புது ஹப் சற்று அமர்ந்திருக்கும்.

பழைய புரொப்பெல்லரை விற்றுவிடாதீர்கள். ஒரு நட்டு, ஒரு திரஸ்ட் வாஷர், ரெஞ்ச், அந்த மரத்துண்டு நான்கோடும் சேர்த்து ஒரு பையில் போட்டுப் படகிலேயே வையுங்கள். பை பின்பக்கப் பெட்டியில் வேண்டாம், முன்பக்கத்தில் இருக்கட்டும்.